ராணி இல்லாத பெட்டி

நாள் 412, இரவு 11.20
செவ்வாய், தெற்குக் குவிமாடம். எழுதுவது அஜிலா, எட்டாம் வகுப்பு. தேனீப் பெட்டிகள் இரண்டு. இரண்டும் நலம் என்று அப்பா அறிக்கை கொடுத்திருக்கிறார். இங்கே தேனீக்காரர் அவர்தான்.

நலமில்லை. முதல் பெட்டி வாசலில் இறகு சுருங்கிய ஈக்கள் ஊர்கின்றன. மெழுகால் மூடிய புழு அறை ஒன்றைக் கொண்டை ஊசியால் கிளறினேன். வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பாய், தேனீயை உறிஞ்சிக் கொல்லும் ஒரு வரோவா உண்ணி.

நாள் 413, இரவு 10.50
அப்பாவிடம் சொன்னேன். ஈக்களை ஜாடியில் போட்டு, பொடித்த சீனி தூவிக் குலுக்கினார். உண்ணி இருந்தால் உதிரும்.

"ஒண்ணும் விழல்ல, பாத்தியா? போய்ப் படி மக்ளே."

ஆனால் ஈக்களை அவர் எடுத்தது ஓரத்துத் தேன் சட்டத்திலிருந்து. உண்ணி மொய்ப்பது புழுச் சட்டத்தில். ராணி ஜாடிக்குள் போய்விடுமோ என்று அதை அவர் தொடுவதில்லை. மறுபடி கேட்டேன்.

"உண்ணின்னு கமாண்டர் காதுல விழுந்தா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாரு. ஒத்தப் பெட்டிய வச்சு தோட்டத்துல இம்புட்டுப் பூவுக்கும் என்ன செய்ய?"

வெளியே சுவாசிக்கக் காற்று இல்லை. அடுத்த கப்பலுக்கு ஒரு வருடம் இருக்கிறது.

நாள் 415, இரவு 1.05
உண்ணியைக் கொல்லும் ஆக்சாலிக் அமிலப் புகை மூடிய புழு அறைக்குள் போகாது. ராணி மூன்று வாரம் முட்டையிடாவிட்டால் மூடிய அறையே இருக்காது. அப்போது புகை போட்டால் உண்ணி தப்பாது. ராணியை, தீனி கொடுக்க நாலைந்து ஈக்களோடு, கூண்டில் பிடித்து என் அலமாரியில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நாள் 421, இரவு 9.40
நான் வகுப்பில் இருந்தபோது அப்பா முதல் பெட்டியைத் திறந்திருக்கிறார். முட்டை இல்லை. ராணி செத்துவிட்டது என்று நினைத்து, அந்தப் பெட்டியை இரண்டாம் பெட்டியின் மேல் ஏற்றிவிட்டார். நடுவே ஒரு தாள். ஈக்கள் அதை அரித்து முடிப்பதற்குள் வாசனை பழகிவிடும், சண்டை வராது.

சாப்பாட்டு மேசையில் கமாண்டர் சிரித்தார். "ரெண்டு வீட்டுக்கும் கல்யாணம் முடிச்சு வச்சிட்டீராக்கும்."

அவர் முன்னால் சொன்னால் பெட்டி வெளியே போய்விடும் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நாள் 422, இரவு 2.10
தேனீ அறை. தாள் தூளாகிக் கிடக்கிறது. இரண்டு பெட்டி ஈக்களும் கலந்துவிட்டன, உண்ணியும். ஒலிபெருக்கியில் அப்பா: "யாரு உள்ள? அஜிலாவா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"சீனி போட்டப்ப ஓரத்துலருந்துதான் எடுத்தேன்" என்றார். பிறகு, "அங்கேயே இரி. நான் கமாண்டர எழுப்பட்டு."

காலை 5.30
இரண்டு பெட்டிகளையும் வெளிக்கதவு வழியே தள்ளினார்கள். ராணிக் கூண்டையும் அப்பா வாங்கி அவற்றோடு தள்ளினார். என்னைத் திட்டவில்லை. கமாண்டர் அறிவிப்பு: "இன்னைக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. பிள்ளைங்க எல்லாரும் பெயின்ட் பிரஷோட தோட்டத்துக்கு வரணும். ஆண் பூவுல தொட்டுப் பெண் பூவுல வைக்கணும்."

பகல் 10.45
நாங்கள் ஒன்பது பிள்ளைகள். பூசணிப் பூ காலையில் மட்டும்தான் விரிந்திருக்கும். மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கிறோம். எதிரே இன்னும் நாற்பது வரிசை. எல்லாப் பூவும் சுருங்கத் தொடங்கிவிட்டது.