சனிக்கிழமை ஏழு மணிப் பாட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மனைவியும் இங்கே சுகம். உன் முதுகுவலி தேவலையா? கப்பல் எஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே.

உன் மனைவி சனிக்கிழமைதோறும் பாடுகிற கடற்கரை விடுதிக்கு ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்துவிட்டேன். கிட்டத்தில் இருப்பதுதான் கண்ணுக்கு மங்கிக்கொண்டே வருகிறது, இதைக்கூடப் பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்க உன் மனைவிதான் வரவேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். விடுதியில் பாடுவதை அவளை நிறுத்தச் சொல், நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா என்று எனக்கு எழுதியிருந்தாயே, அந்த இடத்தையும் குரல் மாறாமல் வாசித்து, மடித்து என் கையில் கொடுத்தாள். மறைப்பானேன், எனக்கும் அது பிடிக்காமல்தான் இருந்தது. ஆறு மணிக்கே கடையெல்லாம் அடைத்துவிட்டுத் தவளை மட்டும் பேசுகிற தீவில், பாட்டு இல்லையென்று யார் அழுதார்கள் என்று முணுமுணுத்தவள்தான் நானும்.

சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்றேன். கடலைப் பார்த்த கூடத்தில் ஒன்பது மேஜை. கீபோர்டு வாசிப்பவர் நம் தபால்காரர். பகலில் ஒரு வார்த்தை பேசக் கஞ்சத்தனம் பண்ணுகிற மனிதர், அங்கே பத்து விரலாலும் பேசுகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் படகு மெக்கானிக். நகத்தில் கிரீஸ்கூடப் போகவில்லை.

இரண்டாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. மைக்கும் கீபோர்டும் செத்துவிட்டன. நல்லதாகப் போயிற்று, கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அவள் நிறுத்தவில்லையடா. மேடையை விட்டு இறங்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேஜை மேஜையாக நடந்துகொண்டே பாடினாள். மெக்கானிக் விரலால் மெதுவாகத் தாளம் போட்டார். ஒருவரும் கரண்டியைக்கூட அசைக்கவில்லை. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சுற்றி வந்தவள் என்னைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். குரலில் ஒரு பிசிறு தட்டவில்லை. என் எதிரிலேயே நின்று அந்த அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நீயும் நானும் அவளை ஒருநாளாவது பாடு என்று சொன்னதில்லை.

பாட்டு முடிந்ததும் அவளே வந்து, போகலாமா அத்தை என்றாள். இன்னும் எத்தனை பாட்டு பாக்கி என்று கேட்டேன். நாலு என்றாள். முடித்துவிட்டு வா, இருக்கிறேன் என்றேன். சமையல்காரர் முக்காலி போட்டார்.

நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு. நீ இல்லாத எட்டு மாதமும் இந்த வீடு எவ்வளவு சத்தமில்லாமல் கிடக்கிறது என்பது உனக்குத் தெரியாது.

லீவுக்கு வரும்போது சனிக்கிழமைப் படகில் வா. வீட்டுக்கு வராதே. துறையிலிருந்து பெட்டியோடு நேரே விடுதிக்கு வந்து, அவள் பார்க்கிற மேஜையில் உட்கார். உன்னைக் கடல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா