முள்ளுருண்டையின் இடுப்புக் கோடு

பிரிக்பீல்ட்ஸ், 1936 மார்ச் 3

மழை. துறைமுகத்தில் கப்பல்காரர் அடிப்பாரத்துக்கு ஏற்றிவந்து கொட்டிப்போன இங்கிலாந்துத் தீக்கல்லின் சில்லை இன்றும் நுண்ணோக்கியில் வைத்தேன். கல்லுக்குள் அந்த முள்ளுருண்டை, கண்ணுக்குத் தெரியாத ஏதோ பழைய உயிரின் எச்சம், தேன் நிறத்தில். ஒவ்வொரு முள்ளின் நுனியும் இரண்டாய்க் கவர்விட்டிருக்கிறது. நடுவில், ஒட்டியாணம் போல, ஒரு மெல்லிய கோடு.

சர்வே ஆபிசில் படம் வரைந்தே பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு வேறென்ன செய்ய? மனைவி புனிதவதி இறந்து இரண்டு வருடம். இன்றும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 9

முள்ளுருண்டையைப் பற்றி எழுதிக் கேட்டிருந்தேன், சிங்கப்பூர்ப் பேராசிரியரின் பதில் வந்தது. அந்தக் கோடு இடுப்புப் பள்ளமேயானால் இது டைனோபிளாஜெல்லேட் - சாட்டை போன்ற இரண்டு இழைகளால் சுழன்று நீந்திய கடல் நுண்ணுயிர். ஒரு சாட்டை அந்தப் பள்ளத்தில்தான் கிடக்குமாம். பள்ளமில்லாத முள்ளுருண்டை முன்பே பெயர் பெற்றது. அதன் குலம் எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளமிருந்தால் புது இனம். பெயரை நானே சொல்லலாமாம்.

புனிதவதியின் பெயர்.

மார்ச் 10

அவள் பெயரை லத்தீன் முடிவோடு எழுதி எழுதிப் பார்த்தேன். இருந்தால் சிரித்திருப்பாள்.

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு நாகையா, கிள்ளான் ரயிலில் கார்டு. போன வருடம் குடிவந்தவர். “சாப்டீங்களா”வுக்கு மேல் பேச்சில்லை. சாட்சிக்கு இன்னொரு கண் வேண்டுமென்று இன்று நானே கூப்பிட்டேன்.

“என்ன தெரியுது, சொல்லும்.”

“முள்ளுமுள்ளா ரம்புத்தான் பழம் மாதிரி இருக்குண்ணே.”

“நடுவிலை ஒரு கோடு?”

நெடுநேரம் பார்த்தார். “கோடு ஒண்ணும் காணோமே.”

“வடிவா, உற்றுப் பாரும்!”

“பாத்துட்டேண்ணே. இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது?”

சில்லை எடுத்துக்கொண்டு அவரைப் போகச் சொல்லிவிட்டேன். என்ன மனுசன் நான்.

மார்ச் 17

காலை வெளிச்சத்தில் சில்லைக் கால் வட்டம் திருப்பினேன். முட்கள் திரும்பின. கோடு திரும்பவில்லை. மறுபடி திருப்பினேன். அப்படியே நிற்குது.

கல்லிலை இல்லை. என்ரை கண்ணிலை. வெள்ளைச் சுவரைப் பார்த்தாலும் இருக்குது. இவ்வளவு நாளும் எப்படித் தெரியாமல் போச்சுது? தெரிய விருப்பமில்லையோ?

மார்ச் 18

கண் டாக்டர்: உள்ளே தழும்பு. பெருகலாம், பெருகாமலும் இருக்கலாம். மற்றக் கண் சிறு வயதிலேயே மங்கல்.

மார்ச் 20

நான் வரைந்து வைத்த படத்திலிருந்து கோட்டைச் சுரண்டி எடுத்தேன். பள்ளமில்லை, பழைய இனம்தான் என்று பேராசிரியருக்கு எழுதினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை.

பிறகு நாகையாவின் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“வாசல்லயே நிக்கிறீங்களே, உள்ள வாங்கண்ணே.”

ஏப்ரல் 5, ஞாயிறு

நாகையாவுக்கு ஓய்வு நாள். நுண்ணோக்கியில் அவர் பார்த்துச் சொன்னார், நான் வரைந்தேன். ஒரு முள்ளுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

எழுந்து போகும்போது கேட்டார்: “உங்க வீட்டம்மா பேரு என்னண்ணே?”

சொன்னேன். மறுபடி உட்கார்ந்துகொண்டார். விளக்கேற்றும் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.