ராபியாவுக்கு நான் அளந்த பொய்

5 ஜூலை 2025, சனி
இந்த நோட்டில் வரப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அமானுல்லாவாகிய நான் உறுதியளிக்கிறேன். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் இன்று ஒன்பதாயிரம் பேர். கண்டக்டர் தலைகளின்மேல் நீந்தி டிக்கெட் கொடுத்தார். என் அக்கா மகள் ராபியாவைச் சனிதோறும் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். பதினேழு வயது, காது கேட்காது, கையால் பேசுவாள். அதே வகுப்புக்குத் திருக்கழுக்குன்றத்தில் ஏறுகிறான் தௌசிஃப். அவனுக்கும் பதினேழு; பன்னிரண்டு வயதில் பார்வை போனது. அவள் கையை அவனால் பார்க்க முடியாது, அவன் குரல் அவளுக்குக் கேட்காது. நடுவில் நான், இரு வல்லரசுகளின் தூதர்.

12 ஜூலை
பிளஸ் டூவில் என்ன மார்க் என்று தௌசிஃபிடம் ராபியா கேட்கச் சொன்னாள்.
"எகனாமிக்ஸ்ல போயிடுச்சு மாமா" என்றான், தலைகுனிந்து.
எனக்குத் தாங்கவில்லை. மாவட்டத்திலேயே முதலிடம், கலெக்டர் யானைமேல் வந்து மாலை போட்டார் என்று அவளுக்குக் கையால் சொன்னேன். யானையை நம்பவில்லை. முதலிடத்தை நம்பிவிட்டாள்.

19 ஜூலை
எனக்கு முன்பக்கம்தான் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் — அவன் உள்ளங்கையில் அவள் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறாள்! எழுத்தின் வடிவம் அவனுக்கு மறக்கவில்லை. சிரித்துக்கொண்டே படித்தவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.
இறங்கியதும், "ஃபெயிலானவனுக்கு ஃபர்ஸ்ட் வந்ததுக்கு வாழ்த்தாம். அவளும் கிண்டல் பண்றா மாமா" என்றான்.
என் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கா? வாய் வரவில்லையா?

26 ஜூலை
அவன் ஏறவில்லை.

27 ஜூலை
ராபியாவிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவளோடு பேச எனக்கு அந்தக் கண்ணை விட்டால் வேறு வழி ஏது? கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அக்கா சொன்னாள்: "இன்னும் சாப்புடல அவ. போய் அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டு வாடா."

28 ஜூலை
தௌசிஃப் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். "கிண்டல் இல்ல தம்பி. நீ ஃபர்ஸ்டுன்னு நான்தான் அவகிட்ட அளந்தேன்."
கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி வந்தான். பிறகு, "அப்ப நான் சொன்னது எதுவுமே அவளுக்குப் போவலியா?"
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இன்னொன்றை அளந்துவிட்டு வந்துவிட்டேன்.

2 ஆகஸ்ட்
திருக்கழுக்குன்றத்தில் ஏறினான். ராபியா எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து, காற்று வரட்டும் என்று அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நான் கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன். செங்கல்பட்டு வரும்வரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தாள். என்னவென்று எனக்குத் தெரியாது.
அவன் கேட்டதற்குப் பதில் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முதல் நாள் ஒன்று சொன்னான்: "ஜன்னலாண்ட அவ உக்காரட்டும் மாமா. பாத்துகினு வரட்டும்." அதை மட்டும் நான் அப்படியே சொல்லியிருந்தேன்.