எஃப்5 தட்ட வேண்டாம்

கீழக்கரை
2 நவம்பர் 2025

பாசமுள்ள ஹஸ்னைன் காக்காவுக்கு, உங்கள் ஒரே தங்கச்சியும் ஒரே தலைவலியுமான நஸீஹாவின் ஸலாம்.

வாட்ஸ்அப்பில் தங்கிலீஷில் எழுதினால் திட்டுகிறீர்களே என்று, இதோ தமிழில் மெயில். உங்கள் டிசம்பர் 14 நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு லீவ் கிடைத்ததா என்பது மட்டும் அதில் இல்லை. ஏதோ ஜாவா கருவியைத் தேர்ந்தெடுத்து முடித்தால்தான் லீவாமே? ஜாவாவோ லாவாவோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

குறும்புடன்,
நஸீஹா

முவைலா, ஷார்ஜா
6 நவம்பர் 2025

அன்புத் தலைவலிக்கு,

எங்கள் கம்பெனி சர்வர் உன்னைவிட மூத்தது, உன்னைவிட ஒழுக்கமானது. ஆர்டர், ஸ்டாக் எல்லாம் அதில்தான். அந்தத் தகவல் அங்கேயே இருக்கட்டும், அதன் பழைய கறுப்புத் திரை மட்டும் போய் பிரவுசரில் புதுத் திரை வரட்டும் என்கிறார் முதலாளி மக்தூம்.

இரண்டு கருவிகள் இருக்கின்றன. முதலாவது, பழைய திரைகளைத் தானே ஜாவாவுக்கு மாற்றிவிடும். ஒரு வாரம், கலாஸ், வேலை முடிந்தது. ஆனால் அது எழுதுவதில் நாம் கைவைக்க முடியாது. இரண்டாவதில் ஒவ்வொரு திரையையும் நானே எழுத வேண்டும்; ஜனவரி ஆகிவிடும். முதலாவதுதான் எடுக்கப்போகிறேன். உம்மாவிடம் சொல்லிவிடு.

ஹஸ்னைன்

கீழக்கரை
8 நவம்பர் 2025

காக்கா,

உம்மா போன் பத்து நாளாக அரபியில் பேசுகிறது. என் வேலைதான். ‘மொழியை மாற்றவா?’ என்று அது கேட்டது, உம்மா படிக்காமலே சரி என்று தட்டிவிட்டார். எல்லாரும் அப்படித்தான். அதனால் முதலாளிக்குக் காட்டும் முன் புதுத் திரையில் உங்கள் குடோன் அஸ்கர் அலி பாயை உட்கார வையுங்கள். கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவார் என்பீர்களே, அவரை.

ஆலோசகர் நஸீஹா

முவைலா
15 நவம்பர் 2025

நஸீஹா,

உட்கார வைத்தேன். பழைய திரையில் ஆர்டரைப் பதிந்ததும் எஃப்5 தட்டிச் சரிபார்ப்பது அவர் கைப்பழக்கம். பிரவுசரிலும் தட்டினார்; அங்கே அது பக்கத்தையே மறுபடி ஏற்றும். ‘மறுபடி அனுப்பவா?’ என்றது. படிக்காமல் என்டர். ஐம்பது மூட்டை அரிசி நூறாகிவிட்டது.

“என்ன பாய் இது?”

“இருபது வருசமா இப்படித்தான தம்பி தட்டுறேன், அரிசி குட்டி போட்டதில்லையே!”

வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கலாம். ஆனால் குடோனில் எல்லார் கையும் அதே கைதான். முதல் கருவி எழுதியதைத் திருத்தவும் முடியாதே. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். “அப்போ இரண்டாவது கருவி. முடித்துவிட்டு ஊருக்குப் போ” என்றார். டிசம்பரில் லீவ் மாஃபி, கிடையாது. ஜனவரி இருபதுக்குப் பிறகுதான்.

நிக்காஹுக்குக் காத்திருக்கும் சப்ரீனாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்லேன்.

ஹஸ்னைன்

கீழக்கரை
21 நவம்பர் 2025

காக்கா,

யோசனை சொன்ன பாவத்துக்குத் தூதும் நானேயா?

உங்கள் மெயிலை சப்ரீனா மச்சி வீட்டில் வைத்து அப்படியே வாசித்தேன். அரிசி குட்டி போட்ட இடத்தில் சிரித்தார். ‘லீவ் மாஃபி’யில் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போய்விட்டார். என் குறும்பு ஒரு கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டதோ என்று, சத்தியமாக, பயந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் பத்திரிகைக் கட்டு, ரெண்டு பேனா.

“உட்காரு. நீதான ஆரம்பிச்சு வச்ச? பாதி நீ எழுது.”

ஒவ்வொன்றிலும் டிசம்பர் 14-ஐ அடித்து, ஜனவரி 25 என்று எழுதினோம். பழைய பெயர்கள் அப்படியே, தேதி மட்டும் கையால் எழுதிய புதுசு. உங்கள் இரண்டாவது கருவியேதான்.

உங்களுக்கான பத்திரிகையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில், ‘இதை ஒருமுறைதான் பதிய முடியும். எஃப்5 தட்ட வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும்.

அது மட்டும் என் கையெழுத்து இல்லை, காக்கா.

நஸீஹா