தேவராஜ் விற்க வந்த ஏரோப்ளேன்

என் செல்லத் தம்பி நடராஜனுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமோ போகாதோ, எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் திதி வருகிறது, நம் ஊர்ச் சங்கத்து மலருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கு என்று எழுதுவார்கள். உன்னைத் தூங்கவிட எனக்கு மனசில்லை. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அச்சில் வந்தால் ஊரும் படிக்கும். படிக்கட்டும். தேவராஜும் படிக்கட்டும்.

என் மகன் சுந்தரம், உன் மருமான், சொந்தமாக ஏரோப்ளேன் வாங்கக் கிளம்பிவிட்டான். சிரிக்காதே. ஜக்கூர் விமான மைதானத்துக்குப் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டு லைசென்சும் எடுத்துவிட்டான். சண்டைக் காலத்தில் விமானக் கம்பெனியில் சிறகுக்குத் துணி தைத்துத் தைத்து, ஒரு நாளும் மேலே போகாமலே காமாலையில் போனாயே, அந்த ஆசையை அவன் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனது நீதான். அதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவன் அப்பா போன பிறகு, மரக்கடைக்கு ஒரு லாரி வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்குவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதனால் ஏரோப்ளேனுக்கும் நான்தான் சரி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான். ஆனால் அப்புறம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவானா? சரி என்று சொல்லி, அவன் விழுந்துவிட்டால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்?

பார்த்தது இரண்டு. ஒன்று, பட்டாளத்துப் பையன்கள் பறக்கப் பழகிய பழசு. மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் கட்டையும் கம்பியும். கூரை கிடையாது, பிரேக் கிடையாது, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். எஞ்சின் தலைகீழாகத் தொங்குகிறது, அடியில் எண்ணெய் சொட்டுகிறது. "சொட்டினாத்தான்மா நல்லது, உள்ள எண்ணெய் இருக்குன்னு தெரியும்" என்றான் சுந்தரம். எந்த ஊரில் இறங்கினாலும் அதற்குப் பழகிய மெக்கானிக் கிடைப்பானாம்.

இன்னொன்றுக்குத் தலைக்கு மேலே ஒற்றைச் சிறகு. மூடிய அறை, இரண்டு பக்கமும் கதவு, காரில் உட்காருவதுபோல இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். எஞ்சின் படுத்தவாக்கில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், ஆனால் ஒரு சாமான் உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். காபித் தோட்டத்துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போனது. சுந்தரத்துக்கு அதன் மேல்தான் கண். எனக்கும் பார்த்தவுடன் பிடித்தது, அதை விற்க வந்தவனைப் பார்க்கும் வரைக்கும்.

உன் சிநேகிதன் தேவராஜ்.

உன் மோட்டார் சைக்கிளை ஒரு வாரத்துக்கு வாங்கிப்போனானே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வந்த வண்டி அல்சூர் மேட்டில் ஏறும்போது இருமியது. கார்புரேட்டரை மாற்றிவிட்டான் என்று நான் சொன்னேன். பழையதன் மூடியில் ஒரு நெளிவு இருந்தது, வந்ததில் இல்லை. "உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்க்கா" என்று சிரித்தாய். நிஜமாகவே உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சிநேகிதனுக்காக விட்டுக்கொடுத்தாயா? கேட்க நினைத்தபோது உனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது.

கார்புரேட்டரை மாற்றியவன் எஞ்சினை மாற்றமாட்டானா?

"எஞ்சின் இன்னும் குழந்தைக்கா. தொர ஞாயித்துக்கிழம மட்டும்தான் ஓட்டுவார்" என்றான் தேவராஜ்.

"அந்தக் குழந்தைய இதே உடம்புலதான் பெத்தாங்களா, எங்கேயாவது எடுத்துட்டு வந்து ஒட்டினாங்களா?"

"ஐயோ அக்கா, நான் நடராஜன் சிநேகிதன். சுந்தரத்துக்குக் கெட்டது செய்வேனா?"

"நடராஜனுக்கே செஞ்சவன்தானே நீ."

நான் என்ன செய்தேன் என்று அவன் கேட்கக்கூட இல்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கேட்காதவனுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு ஜக்கூரிலேயே பூஜை போட்டு, மறுநாள் விஜயதசமியில் சுந்தரம் ஓட்டிப் பார்ப்பது, அதற்குப் பிறகு நான் பதில் சொல்வது என்று ஏற்பாடு. பூசணிக்காய், எலுமிச்சை, மாலை எல்லாம் தேவராஜே கொண்டுவந்தான். என்னைச் சந்தோஷப்படுத்த அவனே ஸ்டூல் போட்டு ஏறிச் சந்தனம் வைத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கை போகும் இடமெல்லாம் கண்ணை ஓட்டினேன். முன்னால் சுழலும் விசிறியின் நடுவில் வைத்தான், மூக்கில் வைத்தான், சக்கரத்தில், கதவில், சிறகைத் தாங்கும் கம்பியில். முன் கண்ணாடிக்கு எதிரே மூக்கின் மேல் பெட்ரோல் தொட்டியின் மூடி இருக்கிறது. அதிலும் கட்டை விரலால் ஒரு அப்பு அப்பி, மேலே குங்குமம் வைத்தான். மனசார வைத்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மனசை யார் பார்த்தது? நான் கையைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது, வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது. நம் மரக்கடையில் ரம்பம்கூடச் சந்தனத்தோடுதான் மறுநாள் வரை கிடக்கும். ஏரோப்ளேனையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் சுந்தரம் தனியாக ஏறினான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி யலஹங்கா பக்கம் திரும்பினான். அப்போது சத்தம் விக்கியது. ஒரு தரம், இன்னொரு தரம். அப்புறம் சத்தமே இல்லை. தம்பி, ஆகாயத்தில் பிள்ளை இருக்கிறான், சத்தம் இல்லை. சிறகு மட்டும் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது.

நானும் தேவராஜும் ஒரே காரில் போனோம். "கந்தா, கந்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராகி வயலின் நடுவில் ஒரு சக்கரம் மடங்கி அது உட்கார்ந்திருந்தது. சுந்தரம் வெளியே நின்று, நெற்றியில் ஒரு கீறலோடு, வயல்காரனிடம் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைத் தொட்டுப் பார்த்தேன். முழுசாக இருந்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"இப்ப என்ன சொல்ற? குழந்த தூங்கிடுச்சா?"

தேவராஜ் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

மைதானத்து எஞ்சினியர் பீட்டர் ஜீப்பில் வந்தார். எஞ்சினைத் தொடவே இல்லை. பொட்டு பொட்டாக இருந்த மூக்கை ஒரு தரம் பார்த்தார். பெட்ரோல் மூடியைத் திருகினார். தொட்டியிலிருந்து உஸ் என்று ஒரு பெருமூச்சு. நின்ற இடத்திலிருந்தே எனக்குக் கேட்டது. மூடியைத் திருப்பிக் காட்டினார். அதில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை, அதில் கல்லாகக் காய்ந்த சந்தனம்.

"எஞ்சின்ல ஒண்ணுமில்ல மதர். தொட்டிக்குக் காத்து போற வழி இது. இத அடச்சா பெட்ரோல் கீழ எறங்காது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நின்னுடும்." துளையைக் கம்பியால் குத்திவிட்டு விசிறியைச் சுழற்றினார். உடனே பிடித்துக்கொண்டது. "யார் வெச்சது?" என்று கேட்டார்.

தேவராஜ் எழுந்தான். "நான்தான் வெச்சேன். அக்காதான் சொன்னாங்க, மூக்குக்கு மட்டும் வெச்சாப் போதுமா, பெட்ரோல் தொட்டி என்ன பாவம் பண்ணுச்சுன்னு."

சொன்னேன்தான். பொட்டு வை என்றால் துளையை அடை என்றா அர்த்தம்? இத்தனை வருஷமாக விமானம் வாங்கி விற்கிறவனுக்கு அது மூச்சு விடும் இடம் என்று தெரியாதா? தெரியாது என்கிறான். மூடியைத் தன் கையால் திறந்ததே இல்லையாம். அதை நான் நம்புவதா?

சிறகைக் கழற்றி, ஏரோப்ளேனை நம் மர லாரியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சக்கரத்தைச் சரி செய்தார்கள். தப்பு எஞ்சின் மேல் இல்லை என்று சுந்தரம் பேசிப் பேசிப் பார்த்தான். மருமகள் கமலா பேசவே இல்லை, அடுக்களையில் பாத்திரம் மட்டும் பேசியது. பழசையே வாங்கித் தொலைக்கட்டும் என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதில் எண்ணெய் சொட்டுகிறது. இதில் சந்தனத்தைத் தவிர எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காதபோதுதான் எனக்குச் சந்தேகம் அதிகமாகிறது.

கடைசியில் ஒரு வழி பண்ணினேன். எல்லாரையும் ஜக்கூருக்கு வரச் சொல்லி, "மொத தரம் போறப்ப பக்கத்து சீட்டுல தேவராஜ் உக்காரட்டும்" என்றேன்.

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "எனக்குத் தல சுத்தும்க்கா."

"இதுக்கு முன்னாடி போனப்பவும் சுத்திச்சா?"

"போனதே இல்லக்கா. இத்தன ப்ளேன் கைமாத்தி விட்டிருக்கேன், ஒண்ணுலயும் ஏறினதில்ல. பயம்."

"எஞ்சின் மேலயா, ஆகாயத்து மேலயா?"

அவன் என்னைப் பார்த்தான், ஏரோப்ளேனைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியையும் வெற்றிலைப் பொட்டலத்தையும் எடுத்து என் மடியில் வைத்தான். "ஆகாயத்து மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினான். கதவைச் சாத்தியபோது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எஞ்சினை மாற்றியவன் அதை நம்பிப் போய் உட்காருவானா? நீயே சொல்.

போனார்கள். சத்தம் விக்கவில்லை. இறங்கியபோது தேவராஜின் சட்டையெல்லாம் வாந்தி. சுந்தரம் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

"இதையே வாங்கு" என்றேன்.

தேவராஜுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுத்தேன். உன் சிநேகிதனை மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீ இருக்கும் இடம் மேலே என்கிறார்கள். அது நிஜமோ பொய்யோ, இனி உன் மருமான் அந்தப் பக்கம் அடிக்கடி வருவான். நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவன் கிளம்பும் ஒவ்வொரு தரமும் மைதானத்தில் என் நாற்காலி இருக்கும், சத்தம் திரும்பி வந்து தரையைத் தொடும் வரை நான் எழுந்திருக்கமாட்டேன். கீழே நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே நீ பார்த்துக்கொள். அவனைத் திருப்பி அனுப்பாமல் நீயே வைத்துக்கொண்டாய் என்றால், அங்கேயே வந்து உன்னைக் கேட்பேன்.

கோபம் தீராத, உன்மேல் உயிரான அக்கா,
தனலட்சுமி