பின்வரிசையில் ஓர் இடம்

என் செல்லத் தம்பிக்கு,

டிக்கெட்டை ரத்துச் செய்துவிடு. சுகம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானமில்லை.

துறைமுகத்தடி மாதா கோவில் பாடகர் குழுவின் ஐம்பதாண்டு வரலாற்றை நான்தான் எழுதினேன். பழைய வருகைப் புத்தகத்தைப் பார்த்து, 2007இல் நீ மூன்று மாதம் ஒத்திகைக்கு வரவில்லை என்றும் எழுதிவிட்டேன். அந்த மாதங்களில் நீ எங்கிருந்தாய் என்று அன்று விசாரிக்க வந்த ராணுவத்தினரிடம், நீ ஒருநாளும் தவறவில்லை என்று குழுவே சத்தியம் செய்தது எப்படி மறந்தது?

நேற்று மறுபடியும் விசாரணைக்கென்று இருவர் வந்தார்கள். கையில் என் புத்தகம்.

"அக்கா, தம்பி திருநாளுக்கு வாறாரோ?"

"அவருக்கு வர ஏலாதாம்" என்றேன்.

வராதே, ராசா. நீ வெளிநாடு போனதிலிருந்து பின்வரிசையில் உன் இடத்தை விட்டுத்தான் பாடுகிறோம். இந்த ஞாயிறு திருநாளில், அவர்கள் வந்து பார்த்தாலும் இடைவெளி தெரியாமல் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா