இட்லிப் பானைக் காசு

மதினி, இன்று காலை இட்லிப் பானைக்குள் உங்கள் ஓட்டைக் காசு சட்டென்று சத்தத்தை நிறுத்தியது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அண்ணனைக் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வந்தபோது அந்தக் காசையும் கொண்டுவந்தீர்கள். பானையடியில் போட்டால், தண்ணீர் இருக்கும்வரை கொதியில் கடகடவென்று ஆடும். ஆடிப்பூரத் தேருக்கு விருந்தாட்கள் வந்திருந்த அன்று, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போனீர்கள். சத்தம் நின்றது. வேலை முடிந்தது என்று நான் தலை பின்ன உட்கார்ந்துவிட்டேன். பானை கருகி வீடெல்லாம் புகை.

"ஏட்டி, காசு கத்துற வரைக்கும் பயமில்ல. வாயை மூடுச்சுன்னாத்தான் ஓடியாரணும். உன்னைக் கட்டப்போறவன் பாவம்!" என்றீர்கள். நான் கல்யாணமாகிப் போனபோது அந்தக் காசை நீங்களே என் கையில் கொடுத்தனுப்பினீர்கள்.

காதுகுத்தில் உங்கள் மடியில் உட்கார்ந்து அலறினாளே என் பேத்தி, அவள் இப்போது இந்தோனேசியாவில் எரிமலை ஆபீசில் இருக்கிறாள். செட்டியார்பட்டி வரைக்கும் விசாரித்துவிட்டேன், அப்படி இன்னொருத்தி கிடையாது. உருகிய பாறை மேலே வர வழி தேடும்போது அடியில் கல் உடையுமாம். அதனால்தான் மலை வெடிக்குமுன் குட்டிக் குட்டியாய் நிலம் நடுங்குகிறதாம். மலைமேல் மிஷின் வைத்து அந்த நடுக்கத்தைக் கவனிப்பதுதான் அவள் வேலை.

போன மாதம் போனில் சொன்னாள்: "ஒரு வாரமா நடுங்கிக்கிட்டே இருந்துச்சு அப்பத்தா. பக்கத்து ஊரைக் காலி பண்ணிட்டாங்க. நேத்துலருந்து அமைதியாயிருச்சு. நாளைக்கு மேல ஏறி மிஷினைப் பாக்கணும்."

"போகாதட்டி! நின்னு போச்சுன்னாத்தான் பயம்" என்று காசுக் கதையைச் சொன்னேன்.

"எரிமலை என்ன இட்லிப் பானையா?"

"சிரிக்காத. உங்க ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறு."

கேட்டிருக்கிறாள். வழி அடைபட்டு உள்ளே ஆவி சேரும்போதும் நடுக்கம் அடங்குவதுண்டு, யாரும் ஏறக் கூடாது என்று அவர் அப்போதுதான் உத்தரவு எழுதிக்கொண்டிருந்தாராம். மறுநாள் மதியம் மலை வெடித்தது. மிஷின் போயிற்று. பிள்ளை கீழே இருந்தாள்.

"நீயும் எங்க ஆபீசரும் ஒண்ணு, அப்பத்தா" என்றாள்.

"அவரு எம்புட்டுப் படிச்சவரு?" என்று கேட்டேன். நான் அஞ்சாம் வகுப்பு.

நான் சொல்லித்தான் தப்பினாள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவரே நிறுத்தியிருப்பார். மகாராஜபுரத்துச் சம்பந்தி வீட்டில் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

லீவில் வரும்போது அந்தக் காசு வேண்டும் என்கிறாள், ஆபீஸ் மேசையில் வைக்கவாம். மேசையில் கிடந்தால் அது எப்படிக் கத்தும்? என் காது கேட்கிறவரை பானையிலேயே கிடக்கட்டும், மதினி.